விலாங்குக்கு ஒரு கடை, நூடுல்ஸுக்கு ஒரு கடை

ஜப்பான் என்றாலே கடலூர் முதுநகரில், "பச்சை மீன் தின்கிற ஊர்தானே?" என்று கேட்கிறார்கள். ஒசாகாவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அங்கே பல கடைகள் ஒரே சமையலைப் பிடித்துக்கொண்டு அதில் கைதேர்ந்து நிற்கின்றன. காடி கலந்த சோற்றின் மேல் மீன் வைத்துத் தரும் பழைய பாணி சுஷிக் கடையில், சூடான சாற்றில் மிதக்கும் ராமென் நூடுல்ஸைக் கேட்க முடியாது. தட்டுகள் சுழன்று வரும் மலிவு விலை சுஷிக் கடை 1958இல் ஒசாகா பக்கம்தான் பிறந்தது. இசகாயா என்பது மாலைக் கடை. மதுவும் சிறு சிறு தட்டுகளும்.

என் மனம் போவது விலாங்குக் கடைக்குத்தான். டோக்கியோவில் மீனை முதுகுப் பக்கம் கீறி, ஆவியில் வேகவைத்துச் சுடுவார்கள். ஒசாகாவில் வயிற்றுப் பக்கம் கீறி, நேரே கரி நெருப்பில். இனிப்புச் சோயா சாற்றில் தோய்த்துத் தோய்த்துச் சுடும்போது கொழுப்பு சொட்டிப் புகை எழும். மீன் ஆய்ந்தே பழகிய என் அத்தை, "ஆவியில் வைத்தால் கொழுப்புப் போய்விடுமே?" என்றார். சரியான கேள்வி! கொழுப்புக் குறைந்து சதை மெத்தென்று ஆவதையே டோக்கியோக்காரர்கள் விரும்புகிறார்கள். எனக்கு ஒசாகாவின் மொறுமொறுப்புதான் உயர்வு.

சோபா என்பது பக்வீட் மாவு நூடுல்ஸ். அந்தக் கடையில் நூடுல்ஸ் வெந்த நீரைக் கடைசியில் சூடாகத் தருவார்கள். கிண்ணத்தில் மிஞ்சிய சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்த நம் ஆட்களுக்கு அது முதல் மடக்கிலேயே பிடித்துவிடும்.