கீபோர்டு சி, நமக்கு ஏ

சாக்ஸபோன் வாங்கிய முதல் மாதம் நான் வாசித்ததைவிட டவுன்லோடு செய்ததுதான் அதிகம். போனில் இடம் போதாமல் அக்கா கல்யாண வீடியோவையே அழித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையிலும் உருப்படியாக உதவியது ஒரு ஃபிங்கரிங் சார்ட், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் படம்.

சரியான அடி விழுந்தது ராயபுரத்தில், சர்ச் கொயர் ஒத்திகையில். கீபோர்டு நோட்ஸை அப்படியே என் ஆல்ட்டோ சாக்ஸபோனில் வாசித்தேன். விரல் எல்லாம் சரி, கீபோர்டோடு மட்டும் சேரவே இல்லை. "தம்பி, உன்னுது ஈ ஃபிளாட் வாத்தியம்பா" என்றார் டிரம்பெட் அண்ணன். பேண்டு செட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆல்ட்டோவில் சி பிடித்தால் காதில் விழுவது ஈ ஃபிளாட். கீபோர்டு சி மேஜரில் போனால் நாம் ஏ மேஜரில் போக வேண்டும், மூன்று ஷார்ப். அவர்கள் எஃப் என்றால் நமக்கு டி. ஆல்ட்டோவைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோன் பி ஃபிளாட் வாத்தியம், அதன் கணக்கு வேறு. அதனால் புத்தகமோ பின்னணி டிராக்கோ, ஆல்ட்டோவுக்கு என்று போட்டிருக்கிறதா பார்த்து எடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு ஆரம்பநிலைப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் 15 நிமிடம் லாங் டோன், அதாவது ஒரே சுரத்தை நீட்டி ஊதுவது: மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு மூச்சுக்கு 8 எண்ணிக்கை, கண் டியூனர் மேல். சலிப்புதான், வேறு வழியில்லை. ரீட், அதாவது ஊதும் வாயில் கட்டும் பிரம்புத் தகட்டை, விறைப்பு குறைந்த 2-ஆம் நம்பரில் தொடங்குங்கள். வீம்புக்கு 3 வாங்கிய எனக்கு ஒரு வாரம் வெறும் காற்றுதான் வந்தது.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசைத் தேர்வான கிரேடு எழுதுவதாக இருந்தால் மார்க்கைப் பாருங்கள்: மூன்று பாட்டுக்கு 66, ஸ்கேல் மாதிரியான டெக்னிக்கல் வொர்க்குக்கு 14, மீதி 20 சப்போர்ட்டிங் டெஸ்ட். 60 எடுத்தால் பாஸ். 5-ஆம் கிரேடு வரை சப்போர்ட்டிங் டெஸ்ட்டில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். பார்த்ததும் வாசிக்கும் சைட் ரீடிங்கில் தடுமாறும் நான், கேட்டுப் பதில் சொல்லும் ஆரல் பக்கம் ஒதுங்கினேன்.

ஹவுசிங் போர்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: சத்தத்தைக் குறைக்க பெல்லில், அதாவது சாக்ஸபோனின் அகன்ற வாயில், துணி திணிப்பது வீண். சத்தம் பெரும்பாலும் மேல் ஓட்டைகள் வழியாகத்தான் வரும், துணியால் கீழ் சுரம்தான் கெடும். நான் காலையில் மொட்டை மாடி டேங்க் பக்கம் போய்விடுவேன்.

காசிமேட்டுக் காற்றின் ஈரத்தில் ஜி ஷார்ப் ஓட்டையை மூடும் பேட் ஒட்டிக்கொள்ளும். ஏ மேஜரில் அது இல்லாமல் முடியாது. வாசித்து முடித்ததும் உள்ளே துடைத்துவிட்டு, பேடுக்கு அடியில் டிஷ்யூ வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். என் பெட்டியில் ரீடுக்குப் பக்கத்திலேயே ஒரு டிஷ்யூ கட்டு கிடக்கும்.