பி.எஃப். கடைசியில் என்று எழுதி வைத்திருந்தேன்

2024 ஜூன் 30-ஆம் தேதி வேலையை விட்டேன். 55 வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 27 வருடம். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்துவிட்டார், ஆள் வைத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. கணவரின் தையல் கடை வருமானம் போக மாதம் 25,000 ரூபாய் சேமிப்பிலிருந்து எடுத்தால் வீடு ஓடும். பி.எஃப். பென்ஷனை 58 வயதுக்கு முன்னால் வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு விழும், அதனால் அதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டோம்.

கையில் இருந்தவை இவ்வளவுதான்: பி.எஃப். 25 லட்சத்து 40 ஆயிரம், வரவேண்டிய கிராஜுவிட்டி (பணிக்கொடை) 5 லட்சத்து 92 ஆயிரம், நானாகக் கட்டி வந்த பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) 14 லட்சம், இரண்டு வங்கிகளில் எஃப்.டி. 6 லட்சம், 2016 முதல் மாதாமாதம் போட்டு வந்த மியூச்சுவல் ஃபண்ட் சுமார் 9 லட்சம்.

கணக்கு எழுதியே பழகிய கை. ஒரு நோட்டில் வட்டி விகித வரிசையில் எழுதினேன். குறைந்த வட்டி தருவதை முதலில் கரைப்பது, அதிகம் தருவதைக் கடைசியில் தொடுவது. அந்தக் கணக்கில் எஃப்.டி. முதல் வரி, 7.1 சதவீத பி.பி.எஃப். நடுவில், 8.25 சதவீதம் தந்த பி.எஃப். கடைசி வரி. பார்க்க அழகாக இருந்தது. நான்கு மாதத்தில் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

ஜூலை 22-ஆம் தேதி கிராஜுவிட்டி வந்தது. மறுநாளே அதைக் கொண்டுபோய் 400 நாள் எஃப்.டி.யில் போட்டேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. வேலையை விட்ட கையோடு வரும் பணத்தை ஒரு மாதமாவது சும்மா வையுங்கள். அவசரப்பட்டு எதிலும் பூட்டாதீர்கள்.

ஆகஸ்டில், எனக்கு முன்பே ஓய்வு பெற்ற ஒரு அக்கா அம்மாவைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "பி.எஃப். பணத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டுட்டியா?" என்றார். அது 60 வயதுக்கு மேல்தானே என்றேன். "இல்லம்மா, 55 முடிஞ்சு ஓய்வு பெத்தவங்களும் போடலாம். ஆனா ஓய்வுப் பணம் வந்து மூணு மாசத்துக்குள்ள போட்டாகணும்" என்றார்.

அன்று இரவே அந்த மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். 55 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் ஓய்வுப் பலன்களாக வந்த தொகை அளவுக்குத்தான் போட முடியும், அதிகபட்சம் 30 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டுமே ஓய்வுப் பலனில் சேரும். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது: வேலையை விட்ட பிறகு பி.எஃப். கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு. 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்றவர் எடுக்காமல் விட்டால் மூன்று வருடத்தோடு வட்டியும் நின்றுவிடும்.

30 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2 லட்சத்து 46 ஆயிரம். காலாண்டுக்கு 61,500. மாதத்துக்குப் பிரித்தால் 20,500. எனக்கு வேண்டிய 25,000-இல் பெரும்பகுதி முதலைத் தொடாமலேயே வந்துவிடும்! கடைசி வரியில் இருந்த பி.எஃப்.ஐ முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். கெடு அக்டோபர் 22. பி.எஃப். பணம் வந்த தேதியிலிருந்து எண்ணுவார்களா, கிராஜுவிட்டி தேதியிலிருந்தா என்ற வாக்குவாதமே வேண்டாம் என்று முதல் பணம் வந்த நாளையே வைத்துக்கொண்டேன்.

சரி, பி.எஃப். எடுக்கலாம் என்று போனால் நான் வேலையை விட்ட தேதியையே கம்பெனி பதிவு செய்யவில்லை. நாமே பதிவு செய்ய வழி இருக்கிறது, ஆனால் கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். பணியாளர் பிரிவுத் தம்பிக்கு ஐந்து முறை போன் செய்தேன். "ஆகட்டுங்க்கா, நாளைக்குப் போட்டுடறேன்." ஆகஸ்ட் 12-ஆம் தேதி போட்டார். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று போடாமல், பாதியில் வேலையை விட்டவர்களுக்குப் போடுவதைப் போட்டுவிட்டார். ஓய்வு என்று இருந்தால் 55 முடிந்தவருக்குக் காத்திருப்பு கிடையாது. அந்த ஒரு சொல்லால் இரண்டு மாதம் முடியும்வரை உட்கார வேண்டியதாயிற்று. 27 வருடம் ஒரே இடத்தில் இருந்தவளுக்கு 'பாதியில் விட்டவர்' என்று எழுதியது பணத்தைவிட மனசுக்கு அதிகம் வலித்தது.

செப்டம்பர் 2-ஆம் தேதி விண்ணப்பித்தேன். 11-ஆம் தேதி நிராகரித்துவிட்டார்கள். காரணம், என் இனிஷியல். வேலையில் சேர்ந்தபோது அப்பா பெயரின் 'கே'. பி.எஃப்.இல் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் 'ஆர்'. பழைய சம்பளக் கணக்கில் 'கே' இருந்தது, ஆனால் 2020-இல் நடந்த வங்கி இணைப்பில் அதன் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது, அதனால் புதிய கணக்கைக் கொடுத்திருந்தேன். பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போனபோது அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "பேரை மாத்தப் போனா நாளாகும்மா. பழைய கணக்கையே புது எண்ணோட சேருங்க." அவரை மறக்க மாட்டேன். ஆனால் வங்கிக் கணக்கைச் சேர்க்க அப்போது கம்பெனியின் டிஜிட்டல் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருபவர் விடுப்பில். ஒன்பது நாள் போயிற்று. இந்த ஒப்புதலே தேவையில்லை என்று 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டார்கள். இனி வருகிறவர்களுக்காவது நல்லது.

பணம் அக்டோபர் 9-ஆம் தேதி வந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து 14-ஆம் தேதி திங்கட்கிழமை, செக்கும் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு அந்தத் திட்டத்தில் கணக்குத் தொடங்கத் துணை அஞ்சலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் பணி விடுவிப்புக் கடிதத்தைப் பார்த்தார். அதில் 'ராஜினாமா ஏற்கப்பட்டது' என்று இருந்தது.

"அம்மா, நீங்க ரிசைன் பண்ணியிருக்கீங்க. ரிட்டயர் ஆகலை. இதுல போட முடியாது."

வயது முதிர்வால் ஓய்வு பெற்றிருந்தாலும் சரி, வேறு விதமாக ஓய்வு பெற்றிருந்தாலும் சரி என்றுதான் விதியில் இருக்கிறது என்றேன். "அப்படின்னா கம்பெனி சர்ட்டிஃபிகேட் கொண்டாங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பது உண்மைதான், எனக்குத்தான் தெரியவில்லை. ஓய்வு பெற்ற விவரம், என்ன வேலை, எத்தனை வருடம், ஓய்வுப் பலன் எவ்வளவு, இவை நான்கும் கம்பெனியின் கடிதத் தாளில் இருக்க வேண்டும். பணம் வந்த தேதிக்கும் ஆதாரம் வேண்டும். வேலையை விடும் நாளிலேயே இதை வாங்கிவிடுங்கள், ராஜினாமா என்ற சொல் இல்லாமல். நான் இரண்டு பஸ் மாறிப் போய், முதலாளியையே பார்த்து, நானே எழுதிக் கொடுத்து 17-ஆம் தேதி கையெழுத்து வாங்கினேன்.

18-ஆம் தேதி மறுபடியும் அதே கவுன்டர். இந்த முறை, "பணம் வந்து ஒரு மாசம் தாண்டிடுச்சே" என்றார். அது பழைய விதி. 2023 நவம்பரில் அதை மூன்று மாதமாக மாற்றிவிட்டார்கள். அரசிதழ் அறிவிப்பை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். கவுன்டர்காரர் அதைப் படிக்கவே இல்லை. போஸ்ட்மாஸ்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வாங்கம்மா, நானே போட்டுத் தரேன்" என்றார். அக்டோபர் 21, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், 30 லட்சத்துக்குப் பாஸ்புக் கையில் வந்தது. அஞ்சலக வாசல் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கிராஜுவிட்டி எஃப்.டி.யை உடைத்ததில் வட்டி குறைத்துத்தான் கொடுத்தார்கள். அது போகட்டும்.

பி.பி.எஃப். கதை வேறு. 2008 மே மாதம் தொடங்கிய கணக்கு, 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி முதிர்ந்துவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. 5-ஆம் தேதிக்குள் போட்டால் அந்த மாத வட்டி கிடைக்குமே என்று ஏப்ரல் 3-ஆம் தேதி வழக்கம்போல ஒன்றரை லட்சம் கட்டிவிட்டேன். முதிர்ந்த பிறகு நீட்டிப்புப் படிவம் கொடுக்காமல் கட்டும் பணத்துக்கு வட்டியே கிடையாது. நவம்பரில் வங்கிக்குப் போனபோதுதான் இது தெரிந்தது. அங்கிருந்த ஊழியர், "ஒண்ணும் பிரச்னை இல்ல மேடம், இதுல கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டிப்புக்கான படிவம் 4-ஐ நீட்டினார். பழையவர்கள் படிவம் எச் என்பார்கள்.

போட்டிருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு வட்டி வந்திருக்கும். ஆனால் தொடர்ந்து பணம் கட்டும் நீட்டிப்பாக ஆகிவிடும். அதில், ஐந்து வருடத்துக்கும் சேர்த்து, தொடக்கத்தில் இருந்த இருப்பில் 60 சதவீதம்தான் எடுக்கலாம். படிவம் கொடுக்காமல் சும்மா விட்டால் கணக்கு தானாகத் தொடரும், இருப்புக்கு வட்டி வரும், வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். வேலையில் இருப்பவருக்கு முதல் வழி சரி. என்னைப் போன்றவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். அம்மாவுக்குத் திடீரென்று இன்னொரு அறுவைச் சிகிச்சை என்றால் ஒரே தடவையில் 5 லட்சம் எடுக்க முடிய வேண்டும். கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, ஒன்றரை லட்சத்தை வட்டியில்லாமல் திருப்பித் தரச் சொன்னேன். மூன்று முறை நடந்து வாங்கினேன். ஏறக்குறைய 7,000 ரூபாய் வட்டி போனது. 14 லட்சம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்தே இருக்கிறது, எனக்கு அது போதும்.

பி.பி.எஃப்.இல் எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 25-ஆம் தேதி எடுத்தால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி போய்விடும். ஒரு வாரம் பொறுத்து அடுத்த மாத முதல் தேதிகளில் எடுங்கள்.

மாதம் குறைகிற 4,500, அதாவது வருடத்துக்கு 54,000, மியூச்சுவல் ஃபண்டிலிருந்து. மார்ச்சில் ஒருமுறை விற்றேன், இரண்டு நாளில் பணம் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் லாபம் வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை. அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்கான வரிக்குப் பொருந்தாது, அந்தப் பேச்சை நம்பி மொத்தமாக விற்றுவிடாதீர்கள்.

6 லட்சம் எஃப்.டி. அப்படியே இருக்கிறது. அதைத் தொடாமல் வைத்ததற்குக் காரணம், மூத்த குடிமக்கள் கணக்கை ஒரு வருடத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் போட்ட தொகையில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு என்றால் ஒரு சதவீதம் வெட்டு. அவசரத்துக்கு வேறு கை இல்லாதவர்கள் இருப்பதை எல்லாம் அதில் போடக்கூடாது.

முதல் வட்டி ஜனவரியில் வந்தது, முழுக் காலாண்டு இல்லாததால் கொஞ்சம் குறைவு. ஏப்ரலில் முழு 61,500. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் ஃபாரம் 15ஜி-யும் அன்றே கொடுத்துவிட்டேன். அஞ்சலகம், வங்கி இரண்டிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், ஒன்றில் கொடுத்த விவரத்தை மற்றதில் எழுத வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். கவுன்டரில் அதே மனிதர்தான். "வட்டி வந்துடுச்சாம்மா?" என்று அவரே கேட்டார்.

2027 பிப்ரவரியில் எனக்கு 58. பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த கே–ஆர் சங்கதி மறுபடியும் குறுக்கே வரும். அதற்காக, பி.எஃப். பதிவில் பெயரைத் திருத்த நானும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியை இப்போதே போட்டிருக்கிறேன். கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை நேரில் போகிறேன்.