ஆறாவது டோஸும் ஒரு ரிப்பனும்

"நீ ஆஸ்பத்திரியில இருக்கியா, பட்டாளத்துல இருக்கியா?" என்று அம்மா இன்னும் கேட்பதுண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் சீருடைப் படையில் நான் மருந்தாளுநர். கடற்படைச் சாயலில் உடுப்பு, பதவிப் பெயர்களும் அப்படியே. ஆயுதம் மட்டும் கிடையாது. விருதுக்கு அடையாளமாக மார்பில் குத்திக்கொள்ள ரிப்பன்கள் உண்டு. சில தனி ஆளுக்கு, சில குழுவுக்கு.

2021-ல் நவஹோ பழங்குடியினர் நிலத்தில் கோவிட் தடுப்பூசி போட்ட எங்கள் குழுவுக்கு விருது கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. குழு விருதில் மூன்று படி. யூனிட் கமெண்டேஷன், அதற்கு மேல் அவுட்ஸ்டாண்டிங் யூனிட் சைட்டேஷன், உச்சியில் ஜனாதிபதி தருவது. லைபீரியாவில் மன்ரோவியா அருகே 25 படுக்கை மருத்துவமனையை நடத்திய எபோலா பணிக்காக ஒபாமா 2015-ல் கொடுத்தது அந்த உச்சிப்படி. நாங்கள் நடுப்படிக்கு ஆசைப்பட்டோம்.

முதல் வரைவில் 'அயராத', 'அர்ப்பணிப்பு' எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன். மேலதிகாரி அத்தனையையும் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரே கேள்வி எழுதினார்: இதனால் யாருக்கு என்ன ஆனது?

பழைய பதிவேடுகளைத் தூசி தட்டினேன். ஃபைசர் குப்பியில் முதலில் ஐந்து டோஸ் என்றுதான் கணக்கு. மருந்து தேங்காத சிரிஞ்சு கையில் இருந்தால் ஆறாவது டோஸும் வரும். அந்த ஜனவரியில் லேபிளே ஆறு என்று மாறியது. ஐந்து குப்பி திறந்தால் பழைய கணக்குக்கு ஒரு குப்பி லாபம். ஆனால் மருந்தை உப்புநீரில் கலந்த ஆறு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சாயங்காலக் குளிரில் வரிசையில் நிற்கும் கார்களை எண்ணி, உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி, இன்னொரு குப்பியைத் திறக்கலாமா என்று கை பிசைந்த நாட்கள் பென்சில் கிறுக்கலாக அதில் கிடந்தன. எழுத வேண்டியது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

பெயர்ப்பட்டியல்தான் பெரிய தலைவலி. யார் எந்தத் தேதியிலிருந்து எதுவரை, இரண்டே வாரம் வந்து போனவரைச் சேர்ப்பதா என்று மின்னஞ்சலில் ஒரு மாதம் ஓடியது. அதைவிட உறுத்தியது வேறு. நவஹோ மொழியில் பெரியவர்களிடம் பேசி, மண்பாதையில் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவர்கள் பழங்குடி அரசின் சுகாதாரப் பணியாளர்கள். ரிப்பன் சீருடைக்காரர்களுக்கு உரியது. எங்கள் கதையில் பாதி அவர்களுடையது, பட்டியலில் ஒருவர் பெயரும் இல்லை. விவரிப்பில் அவர்களுக்கு இரண்டு வரி ஒதுக்க, எங்களைப் பற்றிய இரண்டு வரியை வெட்டினேன்.

பல மாதம் கழித்து முடிவு வந்தது: நடுப்படி கேட்டோம், கீழ்ப்படி கிடைத்தது. எனக்குக் குறையில்லை.

அந்தப் பணியாளர்களுக்கு, பெயர் பெயராக, தனியே ஒரு பாராட்டுக் கடிதம் எழுதி அவர்கள் அலுவலகத்துக்கு அனுப்பினோம். அதற்குப் பக்க வரம்பு கிடையாது. மூன்று பக்கம் வந்தது.