வேறு ஏதேனும் நினைவில் நிற்கிறதா?

2016 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு கருத்துக்கணிப்பு நிலையத்தின் தொலைபேசிக் கூடத்தில் நண்பகலுக்கே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டோம். முந்தைய நாள் இரவு, மான்செஸ்டர் நகரை ஒட்டியுள்ள செயின்ட் ஆன்செல்ம் கல்லூரி மேடையில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பிய எழுவர் ஏபிசி தொலைக்காட்சியில் விவாதித்திருந்தனர். செவ்வாய்க்கிழமை பிரைமரி, அதாவது கட்சிகள் தம் அதிபர் வேட்பாளரைத் தேர்வதற்கான மாநில வாக்குப்பதிவு. ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி தொடங்கவிருந்ததால், ஐந்து மணிக்கு மேல் முன்பின் தெரியாதவரின் அழைப்பை எந்த வீட்டிலும் எடுக்கமாட்டார்கள் என்றும், கிடைக்கும் ஐந்து மணி நேரத்தை வீணாக்கக்கூடாது என்றும் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

நான் அப்போது மேற்படிப்பு மாணவன். மாணவர் விசாவில் இருப்பவர் பருவ நாட்களில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரை வளாகத்திற்குள் வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்தை நான் தொலைபேசிக் கூடத்தில் செலவிட்டேன். கைப்பேசி எண்களைக் கணினி தானாகச் சுழற்றி அழைப்பதற்குச் சட்டத் தடை இருந்ததால், ஒவ்வொரு எண்ணையும் விரலால் அழுத்தியே அழைத்தோம். எடுப்பவர்கள் குறைவு. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1997இல் தொலைபேசிக் கருத்தாய்வுகளுக்கு 36 விழுக்காட்டினர் விடை சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது 9 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அந்த ஞாயிறன்று எங்கள் பட்டியலில் இருந்தவர்கள், முந்தைய வாரம் எங்களிடம் ஒருமுறை பேசி, விவாதத்திற்குப் பிறகு மீண்டும் அழைக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள். ஆகவே பலர் எடுத்தார்கள். சிலர் எங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தவர்களைப் போலவே பேசினார்கள்.

பொதுத் தேர்தல் விவாதத்தைப் பார்ப்பவருக்குக் கட்சி என்ற கைத்தடி உண்டு. தம் கட்சியின் வேட்பாளர் தடுமாறினாலும் வாக்கு பெரும்பாலும் அவருக்கே போகும். பிரைமரியில் மேடையில் நிற்கும் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள். வரிகளைக் குறைப்பது பற்றியும் நீதிபதிகளை நியமிப்பது பற்றியும் அவர்கள் சொல்வதில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. போதாததற்கு, நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளாத வாக்காளர் வாக்குச்சாவடிக்குச் சென்று, அன்று தாம் விரும்பும் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வரை ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸுக்கும் குடியரசுக் கட்சியின் ஜான் கேசிக்குக்கும் இடையே தயங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் நான் பேசியிருக்கிறேன். கொள்கை அளவில் அந்த இருவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை அறிந்தவர்களுக்கு அது முரணாகத் தோன்றலாம். அவரோ, இருவரும் கேட்ட கேள்விக்கு நேராக விடை சொல்கிறார்கள் என்ற ஒரே அளவுகோலை வைத்திருந்தார். இப்படிப்பட்ட தேர்தலில் மனப்பதிவு என்பது கொள்கைக்கு அடுத்தபடியாக வரும் மேல்பூச்சு அன்று. பல நேரங்களில் முடிவைத் தீர்மானிப்பதே அதுதான்.

நாங்கள் கேட்டது எளிய கேள்வி: விவாதத்தை முழுமையாகப் பார்த்தீர்களா, பகுதியாகவா, செய்திகளில் மட்டுமா? அதன் பிறகு: வேட்பாளர்களைப் பற்றி உங்கள் மனத்தில் எது நிற்கிறது? விடையைச் சொன்னது சொன்னபடியே தட்டச்சு செய்யவேண்டும், சுருக்கக்கூடாது, திருத்தக்கூடாது. விடை முடிந்ததும் ‘வேறு ஏதேனும் நினைவில் நிற்கிறதா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு மௌனமாக இருக்கவேண்டும். அந்த மௌனம் பயிற்சியில் எங்களுக்குத் தனியாகவே கற்பிக்கப்பட்டது. மனத்திற்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போகவேண்டும்.

முதல் விடை ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றாகவே இருந்தது. ஆறு நாட்களுக்கு முன் அயோவா மாநிலத்தில் நடந்த கட்சித் தேர்வில் 23 விழுக்காடு பெற்று மூன்றாவதாக வந்து, வேகமாக மேலெழுந்துகொண்டிருந்த மார்கோ ரூபியோவை, மனப்பாடம் செய்த 25 விநாடிப் பேச்சைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்று சக போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டி மேடையிலேயே தாக்கினார். அதற்கு விடை சொல்ல வந்த ரூபியோ, ஒபாமாவுக்குத் தாம் செய்வது இன்னதென்று தெரியவில்லை என்பது கட்டுக்கதை, அவருக்கு நன்றாகவே தெரியும் என்ற அதே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் சொன்னார். குற்றச்சாட்டை மறுக்க எழுந்தவரே அதற்குச் சான்றாகிப்போனார். ‘ரோபோ’ என்ற சொல் ஞாயிறு மதியத்திற்குள் மாநிலம் முழுவதும் பரவியிருந்தது. முழுமையாகப் பார்த்தவர், பாதி பார்த்தவர், காலைச் செய்தியில் ஒரு துண்டை மட்டும் பார்த்தவர் என்ற வேறுபாடின்றி அனைவரும் அதையே சொன்னார்கள்.

முதல் மணி நேரத்தில், மக்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்துவிட்டார்கள் என்றே நான் நம்பினேன். ‘வேறு ஏதேனும்’ என்ற இரண்டாம் கேள்விக்கு வந்த விடைகளைக் கூர்ந்து கேட்கத் தொடங்கிய பிறகுதான், முதலில் சொன்னதில் பெரும்பகுதி கடன் வாங்கியது என்பது எனக்குப் புரிந்தது. தொலைக்காட்சி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தது. விவாதத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் நாவில் வருவது அதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊரில் ஒரு திருமணத்திற்குப் போய்வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், மற்றவர்கள் பேசிக்கொண்ட சமையலைப் பற்றித்தான் முதலில் சொல்வார். தம் மனத்தில் தைத்தது எது என்பதைச் சொல்ல அவருக்குச் சற்று நேரமும் கேட்கும் ஒரு காதும் வேண்டும்.

அந்த மதியம் நான் பேசிய ஒரு பெண்மணி, ரூபியோவைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் சொல்லி முடித்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஐந்தைக் கடந்து வெகுநேரம் அமைதி. பிறகு, “க்ரூஸுக்கு நான் வாக்களிக்கப் போவதில்லை. ஆனால் தம் சகோதரியை அந்த வீட்டிலிருந்து மீட்டுவரப் போனதாகச் சொன்னாரே, அப்படிப்பட்ட வீட்டின் வாசலில் நானும் நின்றிருக்கிறேன்” என்றார். டெட் க்ரூஸின் தந்தைக்கு முதல் மணத்தில் பிறந்த மகள் மிரியம் போதைப்பொருளுக்கு அடிமையாகி இறந்தவர். ஹெராயின் பற்றிய கேள்விக்கு விடையாக க்ரூஸ் அந்தக் கதையை மேடையில் சொல்லியிருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் 2015இல் மட்டும் 400 பேருக்கு மேல் அளவுமீறிய போதைப்பொருளால் மாண்டிருந்தார்கள். மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சமே உள்ள மாநிலம் அது. அன்று மறு ஒளிபரப்புகளில் நான் பார்த்த வரையில் இந்தப் பகுதிக்கு இடமில்லை. இரண்டாம் விடைகளிலோ அது திரும்பத் திரும்ப வந்தது.

வடக்கு மாவட்டங்களில் வசித்த ஒரு முதியவருக்கு நினைவில் நின்றது நிலம். கனடாவின் கியூபெக்கிலிருந்து அவர்களது மலைப்பகுதி வழியாக மின்கம்பித் தடம் அமைக்கும் ‘நார்தர்ன் பாஸ்’ திட்டத்தை அப்பகுதியினர் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்தனர். தனியார் நிலத்தை அரசு அதிகாரத்தால் கையகப்படுத்துவது பற்றி டிரம்புக்கும் ஜெப் புஷ்ஷுக்கும் நடந்த வாக்குவாதத்தை அவர் ஒரு சொல் விடாமல் நினைவு வைத்திருந்தார். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மூதாட்டியின் வீட்டைக் கார்கள் நிறுத்தும் இடத்திற்காக எடுக்க முயன்றவர் டிரம்ப் என்று புஷ் சொன்னதும், டிரம்ப் அவரை வாயடைக்கச் சொல்லிச் சைகை காட்டியதும், அரங்கில் எதிர்ப்பொலி எழுந்ததும் அவர் விவரித்த முறையில், நானே அரங்கில் அமர்ந்திருந்ததுபோல் இருந்தது.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது விவாதம் தொடங்குமுன் நிகழ்ந்த குழப்பம். வேட்பாளர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டபோது, அரங்கின் ஆரவாரத்தில் பென் கார்சனுக்குத் தம் பெயர் கேட்கவில்லை. அவர் நடைவழியிலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் அவரைக் கடந்து மேடைக்குப் போனார்கள். டிரம்ப் மட்டும் அவர் அருகில் வந்து நின்றார். இந்தச் சில விநாடிகளைப் பற்றி ஒருவர், “அவர் ஒருவர்தான் அந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டுப் போகவில்லை” என்று நெகிழ்ந்து சொன்னார். அரை மணி நேரம் கழித்துப் பேசிய இன்னொருவர், “ஏழு பேரை மேடையில் வரிசையாக ஏற்றத் தெரியவில்லை, இவர்களா நாட்டை நடத்தப் போகிறார்கள்?” என்று சினந்தார். இருவரும் ஒரே காட்சியைத்தான் பார்த்திருந்தார்கள். ஒருவர் வாழ்க்கை முழுவதும் சேர்த்துவைத்த எதிர்பார்ப்புகளோடு தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். வேட்பாளர் அந்த எதிர்பார்ப்புகளில் எதைத் தொட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் மனப்பதிவு என்று நான் அன்றிலிருந்து கருதிவருகிறேன்.

அன்று நான் ஒரு பிழையும் செய்தேன். குரலிலேயே களைப்புத் தெரிந்த ஒருவர் ரூபியோவைப் பற்றிச் சொல்லும்போது, “அவர் ஒரு மாதிரி… எப்படிச் சொல்வது…” என்று தேடினார். நேரம் குறைவு என்ற பதற்றத்தில் “இயந்திரம்போலவா?” என்று நான் எடுத்துக்கொடுத்துவிட்டேன். “ஆம், அதுதான்” என்றார் அவர் உடனே. எங்கள் அழைப்புகளை இடையிடையே கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்து, அந்த விடையை நீக்கச் சொன்னார். கடிந்துகொள்ளவில்லை. “அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொரு சொல்லாக இருந்திருக்கலாம். இனி அது நமக்குக் கிடைக்காது” என்று மட்டும் சொன்னார். ‘இளைஞர்’ என்று சொல்ல வந்தாரோ, ‘பயந்துபோனவர்’ என்று சொல்ல வந்தாரோ, நான் இன்றும் எண்ணிப்பார்ப்பதுண்டு. ஒருவருடைய மனப்பதிவு சொல்லாக உருவெடுக்கும் தருணத்தில் அருகில் இருப்பவர் எவ்வளவு எளிதாக அதை மாற்றிவிட முடியும் என்பதை அந்த ஒரு சொல் எனக்குக் கற்றுத்தந்தது.

செவ்வாய் இரவு முடிவுகள் வந்தன. டிரம்ப் 35 விழுக்காடு பெற்று வென்றார். மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க்கூட்டங்கள் நடத்திய கேசிக் ஏறத்தாழ 16 விழுக்காட்டுடன் இரண்டாமிடம். ரூபியோ ஐந்தாவது. சனிக்கிழமை இரவு தாம் சரியாகச் செய்யவில்லை என்றும், இந்த ஏமாற்றத்திற்குத் தாமே பொறுப்பு என்றும், இனி அப்படி நடக்காது என்றும் அவர் ஆதரவாளர்களிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடித்து வீழ்த்திய கிறிஸ்டியோ 7 விழுக்காடு பெற்று ஆறாவதாக வந்து மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். எங்கள் தொலைபேசிகளில் அவருக்குக் கிடைத்த பாராட்டு குறைவானதன்று. “சரியாகக் கேட்டார்”, “கெட்டிக்கார வழக்கறிஞர்” என்றெல்லாம் சொன்னவர்களே, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்விக்கு வேறு பெயர்களைச் சொன்னார்கள். விவாதத்தில் வென்றவர் யார் என்று கேட்பதும் யாரை நம்புகிறீர்கள் என்று கேட்பதும் ஒன்றாகாது என்பதை, இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் முன்பே உணர்ந்திருக்கவேண்டும்.

திறந்த விடைகளை எண்களாக மாற்றும் பகுதிக்கு நான் பின்னர் மாறினேன். ஒவ்வொரு விடையையும் இருவர் தனித்தனியே படித்து, ‘பேச்சுத் திறன்’, ‘நேர்மை’, ‘அனுபவம்’ என்ற பட்டியலிலிருந்து ஒரு குறியீட்டு எண்ணை அதற்கு இடுவார்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் கலந்துபேசி முடிவெடுப்பார்கள். இது தவிர்க்கமுடியாத வேலை; நூற்றுக்கணக்கான விடைகளை எண்ணாமல் எதையும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் 2016இன் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்த நாளில், போதைப்பொருள் வீட்டின் வாசலில் நின்ற அந்தப் பெண்மணியின் விடை 97 என்ற எண்ணின் கீழ் இருந்தது. 97 என்றால் ‘மற்றவை’.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை இரவு, அதே கல்லூரியில் ஜனநாயகக் கட்சியின் எழுவர் விவாதித்தார்கள். அயோவாவில் தமக்கு அடி விழுந்ததென்றும் இங்கும் விழக்கூடும் என்றும் ஜோ பைடன் தொடக்கத்திலேயே சொன்னதைப் பலர் வியப்போடு குறிப்பிட்டார்கள். சிலர் அதை நேர்மை என்றார்கள், சிலர் தளர்வு என்றார்கள். ஆனால் அந்த வார இறுதியில் வந்து குவிந்த விடைகளில் நான் அதிகம் படித்தது ஏமி க்ளோபுசாரின் நிறைவுரையைப் பற்றியது. அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் உடல் ரயிலில் கொண்டுசெல்லப்பட்டபோது அழுதுகொண்டு நின்ற ஒருவரிடம், அதிபரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, “எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியும்” என்று அவர் சொன்னதாக வழங்கும் கதையை க்ளோபுசார் எடுத்துரைத்தார். செவ்வாய்க்கிழமை ஏறத்தாழ 20 விழுக்காடு பெற்று எலிசபெத் வாரனையும் பைடனையும் முந்தி மூன்றாமிடத்திற்கு வந்தார். அந்த ஏற்றம் நீடிக்கவில்லை. மார்ச் 2 அன்று அவர் விலகினார்.

அந்தக் கதையைக் குறிப்பிட்ட ஒரு விடையில், பள்ளிப் பேருந்து ஓட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்த தம் தாயைப் பற்றியும், வாஷிங்டனில் எவருக்கும் அவரைத் தெரிந்ததில்லை என்பதைப் பற்றியும் ஒருவர் ஆறு வரிகள் சொல்லியிருந்தார். நான் அதற்கு ‘மக்களைப் புரிந்தவர்’ என்ற எண்ணை இட்டேன். என்னுடன் பணியாற்றியவர் ‘பேச்சுத் திறன்’ என்று இட்டிருந்தார். இருவரும் அமர்ந்து மீண்டும் படித்தோம். இரண்டும் பொருந்தவில்லை. அந்த ஆறு வரிகளில் க்ளோபுசாரின் பெயர் ஒரே முறைதான் வந்திருந்தது. மற்றதெல்லாம் அந்தத் தாய்தான். பொறுப்பாளரின் ஒப்புதலைப் பெற்றுப் பட்டியலில் புதிதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அதற்கு எதிரே ‘தம் குடும்பத்தில் ஒருவரை நினைவூட்டியது’ என்று எழுதினோம். அன்று மாலை, ஏற்கெனவே 97 இடப்பட்டிருந்த விடைகளை முதலிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினோம்.