சம்பல்: கால்வாயில் போகும் ஆறு

மத்தியப் பிரதேச–ராஜஸ்தான் எல்லையில் ஓடும் சம்பல் ஆற்றிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனம் அந்த மணல்திட்டை விட்டு நகர மறுக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. மத்தியப் பிரதேசத்தின் முரைனா ரயில் நிலையத்தில், சம்பல் கரையிலுள்ள ராஜ்காட் படகுத்துறைக்குச் செல்ல ஆட்டோ ஓட்டுநர் 900 ரூபாய் கேட்டு, நெடுநேரம் பேரம் பேசியும் 700-க்குக் கீழே இறங்கவில்லை. அக்கரையிலுள்ள தோல்பூர் செல்லும் எந்தப் பேருந்தும் படகுத்துறையை ஒட்டிய ஆற்றுப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும் என்பதும், அதில் மிகக் குறைந்த செலவில் போயிருக்கலாம் என்பதும் திரும்பும்போதுதான் தெரிந்தது. இருவர் இருக்கையில் நால்வர் அமர வேண்டியிருந்தாலும் பேருந்திலேயே செல்லுங்கள்.

படகு கிளம்பிய சிறிது நேரத்தில் கரையோர மணலில் பதினொரு சொம்பு மூக்கு முதலைகள் (கரியால்) வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் மீனையே நம்பி வாழும், மனிதரைத் தாக்காத இந்த விலங்கு உலகில் மிக அருகிவிட்டது. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, 1979-இல் சரணாலயமான இந்த ஆற்றில்தான் வாழ்கிறது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் பானை கவிழ்த்தாற்போன்ற புடைப்பை நேரில் கண்டபோது செலவுக் கவலை முழுவதும் மறந்துபோனது.

படகோட்டி காட்டிய அடுத்த காட்சி வருத்தமளித்தது. நீர் நடுவே தீவாக இருந்த திட்டு, நீர் வற்றியதால் கரையோடு ஒட்டிவிட்டது. அதன்மேல் நரியின் காலடித் தடங்கள். மார்ச் இறுதியில் முட்டையிடத் தொடங்கும் முதலைகளுக்கும், அதே மணலில் கூடு வைக்கும் பறவைகளுக்கும் இதைவிடப் பெரிய ஆபத்து வேண்டியதில்லை. சதுப்பு முதலை நீர் வற்றினால் நடந்தே வேறு மடுவுக்குப் போய்விடும். வளர்ந்த சொம்பு மூக்கு முதலையால் உடலைத் தரையிலிருந்து தூக்கி நடக்க முடியாது. ஆழமான மடு வற்றினால் அதற்குப் போக்கிடம் இல்லை.

அந்த நீர் எங்கே போனது என்பதை நான் வழியிலேயே பார்த்திருந்தேன். மேலே காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர் என்று மூன்று அணைகள். அவற்றுக்குக் கீழே, 1960 முதல் இயங்கும் கோட்டா தடுப்பணையில் ஆறு இரண்டு கால்வாய்களாகப் பிரிக்கப்படுகிறது. வலது கால்வாய் முரைனா, பிண்டு வரை வருகிறது. சாலையின் இருபுறமும் அறுவடையாகிக்கொண்டிருந்த கடுகும், முற்றிய கோதுமையும் இந்த ஆற்று நீரில் விளைந்தவை. அதனால் கால்வாயை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மண் கரைகளில் கசிந்து வீணாகும் நீரைத் தடுத்து, கோடை மாதங்களுக்கென்று ஒரு பங்கை ஆற்றிலேயே விட்டுவைக்க முடியும். அதைச் செய்யாமல், 2024-இல் ஒப்பந்தமான பார்வதி–காளிசிந்து–சம்பல் நதிநீர் இணைப்புத் திட்டத்தின் மூலம் துணையாறுகளின் நீரையும் திருப்பப் போவது தவறு என்றே கருதுகிறேன்.

முரைனாவுக்கு அருகிலுள்ள தேவரி முதலை வளர்ப்பு மையத்தையும் தவறாமல் பாருங்கள். ஆற்றங்கரையில் சேகரித்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, குட்டிகள் சுமார் 1.2 மீட்டர் வளர்ந்ததும் ஆற்றில் விடுகிறார்கள். தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த அந்தக் குட்டிகளைப் பார்த்தபோது, இவற்றை விடும் நாளில் எந்த மடுவில் ஆழமான நீர் இருக்கும் என்ற கேள்விதான் எனக்குள் எழுந்தது.