ஜூலையில் தொலையும் பிள்ளைகள்

அமெரிக்காவில், செயின்ட் பால் நகரில் ஒரு சின்ன சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருடமாக செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணக்கு சொல்லித்தருகிறேன். சார்ட்டர் என்றதும் ஊரிலிருந்து அக்கா, "பிரைவேட்டா? ஃபீஸ் எவ்வளவுடா?" என்றாள். ஃபீஸே கிடையாது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான், நிர்வாகம் மட்டும் தனி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அமெரிக்காவில் இதற்கு முதலில் சட்டம் போட்டதே எங்கள் மினசோட்டா மாநிலம்தான், 1991இல். மறு வருடம் முதல் பள்ளி திறந்ததும் இதே செயின்ட் பாலில்.

இங்கே பன்னிரண்டாம் வகுப்பில் முப்பது பேர்கூட இல்லை. யாருக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கடிதத்தை வாசலருகே சுவரில் ஒட்டுவார்கள், மே மாதம் சுவரே தெரியாது. நானும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டவன்தான்.

என்னிடம் கால்குலஸ் படித்த ஒரு பெண், அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள், செப்டம்பரில் பார்த்தால் மளிகைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னம்மா என்றால், ஃபாஃப்சா என்ற அரசு விண்ணப்பம் வழியாகக் கேட்ட உதவித்தொகைக்கு அப்பாவின் வருமான ஆதாரம் கேட்டு ஜூலையில் கல்லூரி மெயில் அனுப்பியிருக்கிறது, அது போனது பள்ளி கொடுத்த மெயில் கணக்குக்கு, அந்தக் கணக்கைப் படிப்பு முடிந்த கையோடு மூடிவிட்டார்கள். கல்லூரி விஷயங்களில் கைகொடுக்கும் பள்ளி ஆலோசகருக்கோ கோடை விடுமுறை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் யார்மேல் கோபப்படுவது? மே மாதம் நானும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன்தானே.

இதற்கு 'சம்மர் மெல்ட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இடம் கிடைத்த பிள்ளை வகுப்புத் தொடங்குமுன் கரைந்துபோவது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் இதில் அதிகம்.

கிப் என்ற பெரிய சார்ட்டர் அமைப்பு 2011இல் ஒரு நேர்மையான காரியம் செய்தது. தங்களிடம் எட்டாம் வகுப்பு முடித்துப் பத்து வருடம் தாண்டியவர்களில் 33 சதவீதம் பேர்தான் நான்கு வருடப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள் என்று தாங்களே அறிக்கை வெளியிட்டார்கள். இவர்களைப்போலவே வசதி குறைந்த மற்ற பிள்ளைகளோடு பார்த்தால் அது நல்ல எண்ணிக்கைதான், இருந்தாலும் சுவரில் ஒட்டுகிற எண் இல்லையே.

இப்போது எங்கள் பள்ளியில் மே மாதக் கடைசி வாரம் எல்லோரையும் உட்காரவைத்து, கல்லூரிக் கணக்கில் சொந்த மெயிலை மாற்றச் சொல்கிறோம். ஆலோசகருக்கு ஆகஸ்ட் வரை சம்பளம். சரி, இவ்வளவுதானா என்றால், ஆமாம், பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்தப் பெண் ஜனவரியில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், சேர்ந்தாள். போன வாரம் ஒரு இன்டக்ரேஷன் கணக்கை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், போட்டு முடிக்க எனக்கே அரை மணி நேரம் ஆனது.