விலை பாதியாயிடுச்சு, இன்னும் வச்சிருக்கலாமா?

வாங்குன டெக் ஷேர் பாதி விலைக்கு வந்து நிக்குது, என்ன பண்றதுன்னு யாரைக் கேட்டாலும் லாங் டெர்ம்தானே, பேசாம ஹோல்ட் பண்ணுங்கன்னுதான் சொல்றாங்க. எனக்கு அந்த பதில் பத்தாது. நானும் வச்சிருக்கேன், இப்போதைக்கு விக்கிற எண்ணம் இல்ல, ஆனா வச்சிருக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்ல, அது ஸ்கிரீன்ல ஓடுற விலைல இருந்து வரக்கூடாது, கம்பெனியோட கணக்குல இருந்து வரணும்.

எல்லாரும் உதாரணத்துக்கு இழுக்கிறது அமேசானைத்தான். 1999 டிசம்பர்ல 100 டாலரைத் தாண்டி இருந்த ஷேர் 2001-ல 6 டாலருக்கும் கீழ போச்சு (அப்பத்திய விலை, பின்னாடி ஒரு ஷேரைப் பலதாப் பிரிச்ச ஸ்ப்ளிட்டை சேர்க்கல), அப்ப விக்காம இருந்தவங்க எங்கயோ போயிட்டாங்கன்னு கதையை முடிச்சிடுவாங்க. உள்ள என்ன நடந்துச்சுங்கறதுதான் முக்கியம். விலை சரிஞ்சிட்டே இருந்த அதே 2000-ல வாடிக்கையாளர் 1.4 கோடில இருந்து 2 கோடி ஆனாங்க, விற்பனை 164 கோடி டாலர்ல இருந்து 276 கோடி டாலர் ஆச்சு. ஆனா நஷ்டம் ஓடிட்டு இருந்துச்சு, காசு தீந்துடுமோங்கற பயம் நியாயமான பயம்தான். டெக் ஷேர் சந்தையே உடையறதுக்கு கொஞ்சம் முன்னாடி, 2000 பிப்ரவரில, கன்வர்ட்டிபிள் பாண்ட் (பின்னாடி ஷேரா மாத்திக்கக்கூடிய கடன் பத்திரம்) மூலமா 69 கோடி யூரோ திரட்டி வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் அவங்களுக்கு மூச்சு விட நேரம் கொடுத்துச்சுன்னு நான் நினைக்கிறேன். அதனாலதான் விலை விழுந்தா நான் முதல்ல பேலன்ஸ் ஷீட்டைத் திறக்கிறேன், கையில எவ்வளவு கேஷ் இருக்கு, கடன் எந்த வருஷம் திருப்பணும், வியாபாரத்துல இருந்து வர்ற பணமே செலவுக்கு போதுமா. போதாதுன்னா அடிமாட்டு விலைக்கு புது ஷேர் வெளியிட வேண்டி வரும், அப்ப நாம பொறுமையா உக்காந்திருந்தாலும் நம்ம பங்கு கரைஞ்சிட்டே போகும்.

சரி, கம்பெனி நல்லா இருந்தா மட்டும் போதுமா? போதாது. மைக்ரோசாஃப்ட் 2000 நிதியாண்டுல கிட்டத்தட்ட 2,300 கோடி டாலர் வருமானம் பார்த்துச்சு, 2010-ல அது 6,200 கோடியைத் தாண்டிடுச்சு, லாபமும் கொட்டுச்சு, ஆனா 1999 கடைசில தொட்ட ஷேர் விலையை திரும்பப் பிடிக்க 2016 ஆச்சு. வியாபாரத்துல ஒரு குறையும் இல்ல, அன்னைக்கு கொடுத்த விலைதான் தப்பு. இதை யாரும் புதுசா வர்றவங்ககிட்ட சொல்றதில்லங்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டெக் ஷேர்கள் நிறைஞ்ச அமெரிக்காவோட நாஸ்டாக் இண்டெக்ஸே 2000 மார்ச்ல 5,000-த்தைத் தாண்டுனது 2002 அக்டோபர்ல 1,100 பக்கம் வந்துச்சு, பழைய உச்சத்தைத் தாண்ட 2015 ஏப்ரல் ஆச்சு. லாங் டெர்ம்னு சொல்றப்ப நம்ம மனசுல எத்தனை வருஷம் இருக்குன்னு நம்மள நாமே கேட்டுக்கணும். இன்னொரு பக்கம் சர்வர் கம்ப்யூட்டர் செஞ்ச சன் மைக்ரோசிஸ்டம்ஸ், அந்தக் காலத்து பெரிய கை, 2010-ல ஆரக்கிள் கம்பெனி அதை வாங்குறப்ப கூட பழைய உச்சத்து பக்கமே வரல.

50 சதவீதம் விழுந்தது பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏறணும், 90 விழுந்தா பத்து மடங்கு ஆகணும். அதனால வாங்குன விலை வரட்டும், வந்ததும் வித்துடறேன்னு காத்திருக்கிறதை நான் ஹோல்டிங்னே ஒத்துக்க மாட்டேன், நாம வாங்குன விலை என்னன்னு அந்த கம்பெனிக்கு தெரியவும் தெரியாது. விலை இறங்க இறங்க இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்றதும் அப்படித்தான், இன்னைக்கு புதுசா வாங்குறவனா இருந்தா இந்த விலைக்கு இதை வாங்குவேனான்னு கேட்டு ஆமான்னு பதில் வந்தா மட்டும் பண்ணுங்க. மார்ஜின்ல, அதாவது புரோக்கர்கிட்ட கடன் வாங்கி ஷேர் வச்சிருந்தா இந்தப் பேச்சே செல்லாது, விக்கிற நாளை புரோக்கர் முடிவு பண்ணிடுவாரு.

2022-ல ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டாவோட ஷேர் அந்த ஒரே வருஷத்துல 64 சதவீதம் போல விழுந்துச்சு. ரியாலிட்டி லேப்ஸ்ங்கற அவங்களோட வி.ஆர். பிரிவுல மட்டும் 1,300 கோடி டாலருக்கு மேல நஷ்டம், விளம்பர வருமானம் தேங்கிடுச்சு, சந்தை கோவப்பட்டதுல அர்த்தம் இருந்துச்சு. ஆனா தினமும் ஃபேஸ்புக் திறக்கிறவங்க எண்ணிக்கை அந்த வருஷக் கடைசில 200 கோடியைத் தொட்டுச்சு, மொத்த கம்பெனியும் லாபத்துலதான் இருந்துச்சு. அடுத்த வருஷம் செலவைக் குறைச்சாங்க, ஷேர் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆச்சு. இதைப் பார்த்து விழுந்ததெல்லாம் எழும்னு நான் சொல்லல, ஆள் ஓடிட்டாங்களா இல்ல செலவு ஓவரா போச்சாங்கற வித்தியாசத்தைத்தான் சொல்றேன், செலவை நிர்வாகம் நினைச்சா ஒரு வருஷத்துல குறைக்கலாம், விட்டுட்டுப் போன வாடிக்கையாளரைத் திரும்பக் கூப்பிடுறது அவ்வளவு லேசு இல்ல.

நான் வச்சிருக்கிற ஷேர்ல அடுத்த குவார்ட்டர் ரிசல்ட் வந்ததும் ரெண்டு இடம் பாக்கப்போறேன், பழைய வாடிக்கையாளர்கள் ரினியூ பண்றாங்களா, ஊழியர்களுக்கு ஷேராவே சம்பளம் கொடுத்துக் கொடுத்து மொத்த ஷேர் எண்ணிக்கை எவ்வளவு ஏறியிருக்கு. ரினியூவல் குறைய ஆரம்பிச்சிருந்தா விலை என்னவா இருந்தாலும் வித்துடுவேன்.